எதிரொலியைக் கட்டிய இரு நகரங்கள்

டப் டெக்னோ ஏறக்குறைய முழுவதும் எதிரொலியால் எழுப்பப்படும் மின்னணு இசை. நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டி ஓடும் ட்ரம் மெஷின், காதைவிட நெஞ்சில் அதிகம் படும் பேஸ், அரை நொடிகூட நீளாத ஒரு மைனர் கார்டு: பெரும்பாலான பாட்டுகளுக்கு இவ்வளவுதான் சரக்கு. அந்தக் கார்டை எதிரொலிக் கருவிக்குள் அனுப்பும்போதுதான் வேலை தொடங்குகிறது. 120 அடி வேகத்தில் ஓர் அடி 500 மில்லிநொடி. கருவியின் தாமதத்தை 375 மில்லிநொடிக்கு வைத்தால் கார்டு முக்கால் அடி தள்ளித் திரும்பும். கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது முக்கால் இடம் என்று பிடிபட்டுவிடும். திரும்பி வந்த ஒலியில் ஒரு பங்கு மீண்டும் கருவிக்குள் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் கூர்மை சிறிது தேய்கிறது. சில சுற்றுகளில் கார்டு எது, அது ஒலித்த வெளி எது என்று பிரிக்க முடியாத ஒரு மூட்டம் எழுந்துவிடும். பத்து நிமிடம் ஓடும் பாட்டில் மெட்டு மாறாது. மூட்டத்தின் அடர்த்தியும் நிறமும்தான் மாறும். இந்த இசையின் நல்ல ஆல்பம் ஒன்றைக் கேட்பவர் அடுத்து என்ன வரும் என்று காத்திருப்பதில்லை, ஒலிக்குள்ளேயே குடியிருக்கிறார்.

இதன் பிறப்பு வரலாறு பொதுவாக மூன்று ஊர்களை வைத்துச் சொல்லப்படும். 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், மின்கருவி பழுதுபார்ப்பதில் தேர்ந்த கிங் டப்பி, பதிவான ரெகே பாட்டிலிருந்து குரலைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை டேப் எக்கோவிலும் ஸ்பிரிங் ரிவெர்ப்பிலும் ஊறவைத்தார், அதுவே டப். 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் டெக்னோவை உருவாக்கினார்கள். 1993இல் பெர்லினில் மார்க் எர்னஸ்டஸும் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் பேசிக் சேனல் என்ற பெயரில் இசைத்தட்டுகளை வெளியிட்டு இரண்டையும் இணைத்தார்கள். இந்த வரிசையில் தவறில்லை. ஆனால் ஒலியைப் பிடித்து நிறுத்துவதும், பிந்தித் திருப்பி அனுப்புவதும், அதையே மறுபடி மறுபடி சுழற்றுவதும் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் வெளியூரிலிருந்து வந்த கலை மட்டுமில்லை. அவ்விரு நகரங்களின் பொறியாளர்கள் இந்த வேலையை டப் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே, இசைக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணத்துக்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் காரணம் கணினியின் நினைவகம். சிட்னிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த அரசின் ரேடியோ இயற்பியல் ஆய்வுக்கூடம் இரண்டாம் உலகப் போரின்போது ராடார் ஆய்வுக்காக அமைந்தது. போர் முடிந்தபின் அங்கே டிரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் ஒரு கணினியைக் கட்டினார்கள். சுமார் 2,000 வால்வுகளும் ஏறக்குறைய 7 டன் எடையும் கொண்ட அந்த இயந்திரம் 1949 நவம்பரில் முதல் நிரலை ஓட்டியது. பிற்பாடு அதற்கு சிஸ்ராக் என்று பெயர் வந்தது. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்களால் ஆனது. குழாயின் ஒரு முனையிலுள்ள படிகம் மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றிப் பாதரசத்துக்குள் அனுப்பும். பாதரசத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,450 மீட்டர் வேகத்தில் செல்லும். மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இது மிக மந்தம். மறுமுனைப் படிகம் அதைப் பிடித்து மின்துடிப்பாக்கும், வால்வுகள் அதற்குத் தெம்பூட்டும், துடிப்பு மீண்டும் முதல் முனைக்கே போகும். இப்படி ஒலி சுற்றிக்கொண்டிருக்கும் வரைதான் எண்ணும் நினைவில் இருக்கும். கிங் டப்பியின் டேப் எக்கோவில் நடப்பதும் இதே சுழற்சி. ஒரு வேறுபாடு உண்டு: டப்பியின் கருவியில் ஒலி சுற்றுக்குச் சுற்று தேய வேண்டும், சிஸ்ராக்கில் துளியும் தேயக் கூடாது.

நிரல் எங்கே ஓடுகிறது என்று காதால் அறிவதற்காக இயந்திரத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. வேலை முடிந்ததும் நிரலர்கள் அதில் ஒரு கரகர ஒலியை எழுப்பவைப்பார்கள். ஜெஃப் ஹில் என்ற நிரலர் அந்த ஒலிபெருக்கியில் பாட்டு வாசிக்க முனைந்தார். சுருதி நிற்க வேண்டுமானால் துடிப்புகள் சம இடைவெளியில் ஒலிபெருக்கியை அடைய வேண்டும். பாதரசக் குழாயில் சுற்றிக்கொண்டிருக்கும் எண்ணோ தன் முறை வந்தால்தான் கைக்கு எட்டும். ஓர் ஆணைக்குச் சற்று முன்னதாகவும் இன்னொன்றுக்குச் சற்றுப் பின்னதாகவும் எண் வந்து சேர்ந்தால் சுருதி கலைந்துவிடும். எந்த எண் குழாயில் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று கணக்கிட்டே ஒவ்வொரு சுரத்துக்கும் ஆணைகளை அடுக்க வேண்டியிருந்தது. 1951 ஆகஸ்டில் சிட்னியில் நடந்த முதல் ஆஸ்திரேலியக் கணினி மாநாட்டில் அந்த இயந்திரம் 'கர்னல் போகி' என்ற அணிவகுப்பு மெட்டை வாசித்தது. எந்த நாட்டுக் கணினி முதலில் பாடியது என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கும் அந்தப் பெருமையில் வலுவான உரிமை இருக்கிறது. பொதுமக்கள் முன்னிலையில் நடந்த மிகப் பழைய கணினி வாசிப்புகளில் சிட்னியினுடையது ஒன்று என்பதில் ஐயமில்லை.

1955இல் சிஸ்ராக் பிரித்தெடுக்கப்பட்டு லாரியில் மெல்பர்னுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அங்கே கணிதப் பேராசிரியர் தாமஸ் செரி, கணினியின் உள்விவகாரம் தெரியாதவரும் காகித நாடாவில் துளையிட்டு மெட்டு அமைக்கும்படி ஒரு நிரலை எழுதினார். 1964இல் இயந்திரம் நிறுத்தப்பட்டபோது அதன் பாட்டில் ஒன்றுகூட ஒலிப்பதிவாகியிருக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து இசைக்கலைஞர் பால் டோர்ன்புஷ், மிஞ்சியிருந்த துளை நாடாக்களைப் படித்து, பழைய நிரலர்களிடம் கேட்டறிந்து, துடிப்பின் வடிவம்கூடப் பிசகாதபடி வால்வுச் சுற்றுகளைக் கட்டி அந்த ஒலியை மீட்டெடுத்தார். 2005இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். மின்னணு இசை வரலாற்றில் இவ்வளவு பொறுமையான அகழ்வாராய்ச்சி வேறு அதிகம் இல்லை.

மெல்பர்னில் 1882இல் பிறந்த பெர்சி கிரெய்ஞ்சர் இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தவர். கணினியில் சுருதி நிற்கவேண்டும் என்று ஹில் பாடுபட்ட அதே காலத்தில், சுருதி எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும் இசைக்காக அமெரிக்காவில் தம் வீட்டில் பர்னட் கிராஸ் என்ற அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து விசித்திர இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தார். அவர் நிறுவிய அருங்காட்சியகம் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 1938 முதல் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் கீத் ஹம்பிள் கிரெய்ஞ்சரின் பெயரை ஒட்டியே அங்கே மின்னணு இசைக் கூடம் ஒன்றை வளர்த்தார்.

அந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்த பெரிய கருவிக்குப் பின்னாலும் ஒரு மெல்பர்ன்காரர் இருக்கிறார். தெற்கு மெல்பர்னில் 1923இல் பிறந்து லண்டனில் வாழ்ந்த இசையமைப்பாளர் டான் பேங்க்ஸ், 1960களின் இறுதியில் பொறியாளர் டேவிட் காக்கரெலிடம் தமக்கு அடக்கமான விலையில் ஒரு மின்னணுப் பெட்டி செய்து தரச் சொன்னார். ஐம்பது பவுன் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பெட்டியின் அனுபவத்திலிருந்து 1969இல் இ.எம்.எஸ். நிறுவனத்தின் விசிஎஸ்3 சிந்தசைசர் பிறந்தது. மேசையில் வைத்துக்கொள்ளக்கூடிய அந்தக் கருவியில் ஒயர்களுக்குப் பதில் சின்ன ஊசிகளைப் பலகையில் செருகி இணைப்புகளை மாற்றலாம். ஸ்பிரிங் ரிவெர்ப்பும் உள்ளேயே இருந்தது. அதே நிறுவனம் ஏறக்குறைய முப்பது மட்டுமே செய்த பிரம்மாண்டமான சிந்தி 100 கருவிகளில் ஒன்றை மெல்பர்ன் பல்கலைக்கழகம் 1973இல் வாங்கியது.

சிட்னியில் அடுத்த பெரிய அடி ஒரு பாட்டி வீட்டு நிலவறையில் விழுந்தது. கிம் ரைரியும் பீட்டர் வோகலும் 1975இல் பாயின்ட் பைப்பர் பகுதியில், ரைரியின் பாட்டி வீட்டின் அடியில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். துறைமுகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஹைட்ரோஃபாயில் பயணிகள் படகு ஒன்றின் பெயரான ஃபேர்லைட்டையே அதற்கு வைத்தார்கள். இயற்கை வாத்தியங்களின் ஒலியைக் கணக்குப் போட்டு உண்டாக்க வேண்டும் என்பதுதான் திட்டம். கணக்கு எவ்வளவு போட்டும் ஒலி உயிரில்லாமல் கிடந்தது. 1978இல் வோகல் வானொலியில் வந்த பியானோ இசையிலிருந்து ஏறக்குறைய ஒரு நொடியைக் கருவியின் நினைவகத்தில் பதிவு செய்து, விசைப்பலகையில் வெவ்வேறு சுருதியில் திருப்பி வாசித்துப் பார்த்தார். அது பியானோவாகவே ஒலித்தது. 1979இல் விற்பனைக்கு வந்த ஃபேர்லைட் சிஎம்ஐயில் எட்டுக் குரல்கள், குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம், திரையில் அலையை வரைய ஒளிப்பேனா, எட்டு அங்குல ஃப்ளாப்பி. பிரிட்டனில் விலை 18,000 பவுனை ஒட்டி. பீட்டர் கேப்ரியல், கேட் புஷ், ஸ்டீவி வொண்டர் ஆகியோர் அதை முதலில் கையாண்டவர்களில் சிலர். தமிழ்த் திரையில் கணினிவழித் தாளம் புகுந்த படமாகப் பொதுவாகச் சொல்லப்படும் 'புன்னகை மன்னன்' 1986இல்தான் வந்தது என்பதை வைத்துப் பார்த்தால் சிட்னியின் முந்துதல் புரியும்.

டப் டெக்னோவின் வரலாற்றில் ஃபேர்லைட்டின் இடம் அந்தப் பிரபலங்களால் வந்ததில்லை. கருவியோடு வந்த ஃப்ளாப்பிகளில் ஒன்றில், ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' பாலே இசையிலிருந்து வெட்டிய ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவின் ஒற்றை அடி இருந்தது. 1982இல் நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானெட் ராக்' பாட்டில் அது இடியாக இறங்கியது. பல வாத்தியங்கள் சேர்ந்து எழுப்பிய ஒலி ஒரே விசைக்குள் உறைந்துவிட்டது. விசையை மாற்றினால் மொத்தமும் அப்படியே ஏறும், அப்படியே இறங்கும். இசையிலக்கணம் படித்தவர் தவிர்க்கும் இந்த இணையோட்டம் நடன இசையின் கையெழுத்தாகிவிட்டது. டப் டெக்னோவில் எதிரொலிக்குள் எறியப்படும் கார்டும் இப்படி உறைந்த கார்டுதான். 1980களின் பிற்பகுதியில் இதே வேலையைச் செய்யும் மலிவான ஜப்பானிய சாம்ப்ளர்கள் வந்து ஃபேர்லைட்டை வீழ்த்தின. அது பரப்பிய பழக்கம் மட்டும் போகவே இல்லை.

ஃபேர்லைட் வாங்கக் காசில்லாதவர்களும் அதே சிட்னியில் அதே வேலையைச் செய்தார்கள், ஸ்பூல் டேப்பை வைத்து. டேப்பில் வேண்டிய துண்டை பிளேடால் சாய்வாக வெட்டி, இரு முனைகளையும் ஒட்டினால் அது வளையமாகிவிடும். சிறிய வளையம் இயந்திரத்துக்குள்ளேயே அடங்கும். நீண்ட வளையத்தை இழுத்து மைக் ஸ்டாண்டைச் சுற்றிவர விட வேண்டும். இழுவிசை சற்றுத் தளர்ந்தால் சுருதி இறங்கும், ஒட்டு, டேப்பைப் படிக்கும் தலையைக் கடக்கும்போது ஒரு சின்ன இடறல் கேட்கும். அந்த இடறலே தாளமாகும். டாம் எலார்ட் 1979இல் சேர்ந்து பின்னர் வழிநடத்திய செவர்ட் ஹெட்ஸ் குழு இப்படித்தான் தொடங்கியது. 1983இல் அவர்கள் வெளியிட்ட 'டெட் ஐஸ் ஓப்பன்ட்', பிரிட்டிஷ் குற்றக்கதை அறிவிப்பாளர் எட்கர் லஸ்ட்கார்ட்டனின் குரலை மின்னணுத் தாளத்தின் மேல் மிதக்கவிட்டது. பதினோரு ஆண்டுகள் கழித்து மறுகலவையாக வந்தபோது ஆஸ்திரேலியாவின் முதல் இருபது பாட்டுகளுக்குள் நுழைந்தது. அக்குழுவின் தொடக்க உறுப்பினரான ரிச்சர்ட் ஃபீல்டிங், ஜான் பிளேட்ஸோடு சேர்ந்து 2எம்பிஎஸ் வானொலி நிலையத்தின் ஸ்பூல் இயந்திரங்களையே வாத்தியங்களாக்கி லூப் ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவை அமைத்தார். டேப் வளையங்களைத் தவிர அதில் வேறு வாத்தியமே இல்லை.

அந்த வட்டத்திலிருந்துதான் சிட்னியின் டப் வந்தது. லூப் ஆர்கெஸ்ட்ராவில் இருந்த அந்தோனி மாஹர், ஷெரிஃப் லிண்டோ அண்ட் த ஹேமர் என்ற பெயரில் 1988இல் 'டென் டப்ஸ் தட் ஷூக் த வேர்ல்ட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ரஷ்யப் புரட்சியைப் பற்றிய ஜான் ரீடின் புகழ்பெற்ற நூலின் தலைப்பை அந்தப் பெயர் தழுவியிருக்கிறது. ஜமைக்காவின் வெதுவெதுப்பான டிரம்முக்குப் பதில் இதில் வறண்ட இயந்திரத் தாளம். எக்கோ அலங்காரமாக நிற்கவில்லை. பாட்டின் எலும்பே அதுதான். பேசிக் சேனலுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, கிங்ஸ்டனுக்கும் பெர்லினுக்கும் வெகுதொலைவில், ஒருவர் டப்பையும் இயந்திரத்தையும் தாமாகவே ஒன்றாக்கியிருந்தார். வந்த காலத்தில் அதை வாங்கியவர்கள் சொற்பம். ஜப்பானின் ஈஎம் ரெக்கார்ட்ஸ் மறுபதிப்புச் செய்த பிறகே அந்தத் தட்டின் அருமை வெளியே தெரிந்தது. உள்ளூரில் பிறந்ததை வெளியூர் சொல்லித் தெரிந்துகொள்ளும் இந்த வழக்கம் ஆஸ்திரேலிய இசையில் பலமுறை நடந்திருக்கிறது, அது வருத்தத்துக்குரியது.

இசைத்தட்டுகள் கடல் கடந்து வரவேண்டிய ஊர்களில் வானொலிதான் பள்ளிக்கூடம். சிட்னியில் 2எம்பிஎஸ் 1974 முதலும் 2எஸ்இஆர் 1979 முதலும், மெல்பர்னில் டிரிபிள் ஆர் 1976 முதலும் பிபிஎஸ் 1979 முதலும் நேயர் சந்தாவையும் தன்னார்வலர்களையும் நம்பி ஓடின. பின்னிரவு நேரத்தை இருபது நிமிடப் பாட்டுக்கும் ஒதுக்க அவற்றால் முடிந்தது. அந்த நேயர்கள் 1990களில் இசைக்காரர்கள் ஆனார்கள். 1992இல் சிட்னியில் தொடங்கிய கிளான் அனலாக் கூட்டமைப்பு, டிஜிட்டல் கருவிகள் வந்தபின் ஒதுக்கப்பட்ட பழைய அனலாக் சிந்தசைசர்களைப் பகிர்ந்துகொண்டு கூட்டாகத் தட்டுகளை வெளியிட்டது. மெல்பர்னில் ஆலி ஓல்சனும் ஆண்ட்ரூ டில்லும் 1993இல் சை-ஹார்மானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மெல்பர்னின் ஸ்டீவ் லா, ஜென் பாரடாக்ஸ் என்ற பெயரில் செய்த 'எடர்னல் பிரெய்ன்வேவ்' பெல்ஜியத்தில் வெளியானது. விண்வெளி நிறமும் டெக்னோ தாளமும் கலந்த அந்த ஆல்பம் ஆழ்மின்னிசை என்று இன்று அழைக்கப்படும் வகையின் உள்ளூர் முன்னோடிகளில் ஒன்று.

இசை கேட்ட இடங்களின் கதை இவ்வளவு இனிமையானதில்லை. சிட்னியின் செயின்ட் பீட்டர்ஸ் பகுதியில் செங்கல் சூளைகளும் பிறகு குப்பைக் கிடங்கும் இருந்த நிலம் சிட்னி பார்க் என்ற பூங்காவானது. வைப் டிரைப் என்ற குழு அங்கே கட்டணமில்லாத நடன இரவுகளை நடத்தியது. 1995 ஏப்ரலில் போலீஸ் புகுந்து அப்படியொரு இரவைக் கலைத்தது, கைகலப்பில் முடிந்தது. அதன்பின் திறந்தவெளி இரவுகள் குறைந்தன. ஆடாமல் உட்கார்ந்து கேட்கும் இடங்கள் சில வளர்ந்தன. செப் சானும் லூக் டியர்ன்லியும் 1996இல் தொடங்கிய ஃப்ரிஜிட் என்ற ஞாயிறு இரவு அவற்றில் முக்கியமானது. டப், ஆம்பியன்ட், உடைந்த தாளங்கள் என எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பத்தாண்டு அங்கே இடம் இருந்தது. அவ்விருவர் சார்ந்த வட்டத்திலிருந்தே சைக்ளிக் டிஃப்ராஸ்ட் என்ற பத்திரிகையும் வந்தது. எதிரொலியைப் பற்றிய எழுத்தும் சிட்னியிலிருந்து வந்தது: பீட்டர் டாய்ல் என்ற எழுத்தாளர் 2005இல், 1900 முதல் 1960 வரை இசைப்பதிவுகளில் எதிரொலி எப்படிக் கற்பனை வெளிகளை உண்டாக்கியது என்று 'எக்கோ அண்ட் ரிவெர்ப்' என்ற ஆய்வு நூலை எழுதினார். இத்துறையில் இன்றும் அதுவே முதலில் புரட்ட வேண்டிய புத்தகம்.

2014 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் அரசு சிட்னியின் மையப் பகுதியில் இரவு 1.30க்குப் பிறகு மதுக்கூடங்களுக்குள் யாரும் நுழையக் கூடாது, 3 மணிக்குப் பிறகு மது ஊற்றக் கூடாது என்று சட்டம் போட்டது. வன்முறையில் உயிர்கள் போன பின்னணியில் வந்த சட்டம் அது; நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று மணிக்கு மேல்தான் முகம் காட்டும் மெதுவான, நீளமான இசைக்கு அது பேரிடி. பெரும்பகுதியில் 2020 ஜனவரியிலும் கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் கட்டுப்பாடு நீங்கும்வரை இசைக்காரர்கள் மாரிக்வில் போன்ற இடங்களின் பழைய பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் ஒதுங்கினார்கள், சிலர் ஊரைவிட்டே போனார்கள். மெல்பர்ன் 2008இல் இதேபோன்ற கட்டுப்பாட்டை மூன்று மாதம் சோதித்துப் பார்த்துக் கைவிட்டிருந்தது. பிராஹ்ரான் பகுதியின் ரிவால்வர் அப்ஸ்டேர்ஸ் போன்ற இடங்கள் வார இறுதி முழுக்க விடாமல் ஓடின. ஆழ்மின்னிசையின் எடை மெல்பர்ன் பக்கம் சாய்ந்ததற்கு இந்தச் சட்ட வேறுபாடு ஒரு பெரிய காரணம்.

கருவிகளும் அங்கேயே திரண்டன. ராபின் ஃபாக்ஸும் பைரன் ஸ்கல்லினும் நிறுவிய மெல்பர்ன் மின்னணு ஒலிக்கூடம் 2016இல் வட மெல்பர்னில் திறந்தது. உறுப்பினராகச் சேர்ந்தால் யாரும் பழைய அரிய சிந்தசைசர்களைத் தொட்டு வாசித்துப் பழகலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டிய பொருள்கள் என்று பலர் கருதுபவற்றை வேலை செய்யும் நிலையில் மக்கள் கையில் கொடுத்தது அக்கூடத்தின் பெரிய கொடை.

இந்த நீண்ட பழக்கம் ஓர் ஆல்பத்தில் எப்படித் திரண்டு நிற்கிறது என்பதற்கு ஓரன் அம்பார்ச்சியின் 'குவிக்ஸாட்டிசம்' சான்று. சிட்னியில் 1969இல் பிறந்து, பின்னர் மெல்பர்னில் குடியேறிய அம்பார்ச்சி, கிட்டாரை அதன் தந்தி ஒலியே தெரியாதபடி ஆழ்ந்த பேஸாகவும் மிதக்கும் ஆர்கன் போலவும் மாற்றுபவர். 2014இல் வியன்னாவின் எடிஷன்ஸ் மெகோ வெளியிட்ட இந்த ஆல்பம் ஐந்து பகுதிகள் கொண்டது. உண்மையில் ஒரே ஓட்டம். ஜெர்மனியின் தாமஸ் பிரிங்க்மன் கொடுத்த மெல்லிய டெக்னோ துடிப்பு முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் அடியில் ஓடுகிறது. அதன்மேல் ஐஸ்லாந்து சிம்ஃபனி இசைக்குழுவின் தந்திகள், ஜான் டில்பரியின் பியானோ, ஜிம் ஓ'ரூர்க்கின் சிந்தசைசர் ஆகியவை வந்து படிந்து விலகுகின்றன. இறுதிப் பகுதியில் ஜப்பானியக் கலைஞர் யு-ஜானின் தபலா நுழைகிறது. அதுவரை தரையாகக் கிடந்த துடிப்பு அங்கே கையால் வாசிக்கும் தாளத்தோடு பின்னிக்கொள்கிறது. இலக்கணப்படி இது டப் டெக்னோ ஆகாது, எக்கோவில் தெறிக்கும் கார்டு இதில் இல்லை. கேட்கும் முறை மட்டும் அதே முறை: மாறாத துடிப்பு, மெதுவாக மாறும் வெளி. 2016இல் வந்த 'ஹ்யூப்ரிஸ்' ஆல்பத்தில் அம்பார்ச்சி இதே வழியில் மேலும் போனார். அதில் சிலியில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த டெக்னோ கலைஞர் ரிக்கார்டோ வியலோபோஸின் மின்னணுத் தாளமும் சேர்ந்துகொண்டது.